எட்டரை முதல் பதினொன்றேகால் வரை

கேள்வி: எனக்கு 34 வயது. திருகோணமலை அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். கணவருக்கு ஷிஃப்ட் வேலை. கிழமைக்குக் கிழமை நேரம் மாறும். மகளுக்கு 9 வயது, தரம் 4. மகனுக்கு 4 வயது, முன்பள்ளிக்குப் போகிறான். முன்பள்ளி எட்டு மணி முதல் பதினொன்றரை வரை. மாமியும் எங்களோடுதான், 68 வயது, சீனி வருத்தம், முழங்கால் வலி. நான் வீட்டில் சாறிச் சட்டை தைக்கிறேன். ரீச்சர்மாரும் கந்தோரில் வேலை செய்கிறவர்களும் கொண்டுவந்து தருவார்கள். கிழமைக்குப் பத்துச் சட்டை வருகிறது. மகன் முன்பள்ளியில் இருக்கிற மூன்று மணித்தியாலம்தான் எனக்கு நேரம். மிச்சத்தை இரவு ஒரு மணி வரை இருந்து தைக்கிறேன். பகலில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். போன கிழமை மகனுக்கு அடித்துவிட்டேன். அன்று முழுக்க அழுதேன். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போய் இரண்டு மாதம். தையலை விடச் சொல்கிறார் கணவர். விட்டால் வீட்டுச் செலவுக்குக் கஷ்டம். எனக்கென்று அரை மணித்தியாலமாவது கிடைக்க வழி உண்டா?

பதில்: சகோதரி, தையலை விட வேண்டாம். எடுக்கிற ஓடரின் அளவை மாற்றுங்கள். ஏன் என்பதற்கான கணக்கு உங்கள் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது.

மகனைக் கொண்டுபோய் விட்டு, திரும்பி வந்து, மெஷினுக்கு முன்னால் இருக்க எட்டரை ஆகும். அவனைக் கூட்டிவரப் பதினொன்றேகாலுக்கு எழும்ப வேண்டும். ஆக, மூன்று மணித்தியாலம் என்று நீங்கள் நினைத்திருப்பது இரண்டே முக்கால்தான். ஐந்து நாளுக்கும் சேர்த்து 13 மணித்தியாலம் 45 நிமிடம். லைனிங் வைத்த ஒரு சாறிச் சட்டைக்கு, பழகிய கை என்றால், அளவுச் சட்டையை வைத்துக் குறித்து வெட்ட 25 நிமிடம். மெஷின் வேலையும் இடையில் அயன் பிடிப்பதும் சேர்ந்து 1 மணித்தியாலம் 50 நிமிடம். ஹூக் கட்டி, கழுத்தையும் கையையும் கைத்தையலில் மடித்து முடிக்க 35 நிமிடம். உங்கள் வேகம் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். ஒரு சட்டையை மணிக்கூட்டைப் பார்த்துத் தைத்து, உங்கள் எண்ணை இதில் போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டும் மெஷினும் மட்டும் ஒரு சட்டைக்கு 2 மணித்தியாலம் 15 நிமிடம். பத்துச் சட்டைக்கு 22 மணித்தியாலம் 30 நிமிடம். கையில் இருப்பது 13 மணித்தியாலம் 45 நிமிடம். 8 மணித்தியாலம் 45 நிமிடம் போதாமல் போகிறது. பத்துச் சட்டையின் கைத்தையலுக்கு இன்னும் ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் பதினாலரை. கிழமையில் ஐந்து இரவு, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்றால் பதினைந்து. அந்த இரவுகள் எங்கே போகின்றன என்று இப்போது தெரிகிறதல்லவா? நீங்கள் மெதுவாகத் தைப்பதாலோ வீட்டை நடத்தத் தெரியாததாலோ அவை போகவில்லை. ஓடர் எடுக்கும் அன்றைக்கே உங்கள் நித்திரையையும் சேர்த்துத்தான் விற்றுவிடுகிறீர்கள்.

கிழமைக்கு ஐந்து சட்டை என்று வையுங்கள். வெட்ட 2 மணித்தியாலம் 5 நிமிடம், மெஷினுக்கு 9 மணித்தியாலம் 10 நிமிடம், மொத்தம் பதினொன்றேகால். இரண்டரை மணித்தியாலம் மிஞ்சும். அதைக் கண்டதும் ஆறாவது சட்டையை எடுக்கத்தான் கை போகும். எடுக்காதீர்கள். மாதத்தில் ஒரு போயா வரும், மகனுக்குக் காய்ச்சல் வரும், கைக்குழி சரிவராமல் ஒரு சட்டையைப் பிரித்துத் தைக்க வேண்டி வரும். அந்த இரண்டரை மணித்தியாலம் இவற்றுக்கு உரியது. ஒன்றும் வராத கிழமையில் அடுத்த கிழமையின் துணியை வெட்டி வையுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேர அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த வேலையை இடையில் விட்டுவிட்டு எழும்பலாமா, எழும்பக்கூடாதா என்பதுதான். துணி வெட்டுவதை இடையில் விட முடியாது. மடித்த துணியில் சோக்கால் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது எழும்பிப் போய் வந்தால், எது வெட்டுகிற கோடு, எது தையல் கோடு என்று குழம்பும். பூப்போட்ட துணியில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது பெரும்பாலும் அப்படி எழும்பி வந்த பிறகுதான். கழுத்து வைப்பதும் கை ஏற்றுவதும் இதே மாதிரித்தான். ஹூக் கட்டுவது, கீழ்மடிப்பு, நூல் வெட்டுவது, பழைய தையல் பிரிப்பது, பொபினில் நூல் சுற்றுவது எல்லாம் எத்தனை தரம் எழும்பினாலும் பழுதாகாது. உள்ளி உரிப்பது, உடுப்பு மடிப்பது, கீரை ஆய்வது, பாத்திரம் கழுவுவது, பெட்டி அடுக்குவது, அதாவது வீட்டு வேலையில் முக்கால்வாசியும் அப்படித்தான்.

ஆகவே எட்டரை முதல் பதினொன்றேகால் வரை, எழும்பக்கூடாத வேலையைத் தவிர வேறு ஒன்றும் செய்யாதீர்கள். ஹூக்கும் கட்டாதீர்கள், உடுப்பும் ஊறப்போடாதீர்கள், சோறும் வடிக்காதீர்கள். “ஒரு நிமிஷம்தானே, கூட்டிவிட்டு இருக்கிறேன்” என்று தும்புத்தடியை எடுத்தால், குசினி, முற்றம், கிணற்றடி என்று ஒன்பதேகால் ஆகிவிடும். வீடு குப்பையாகக் கிடந்தாலும் அந்த நேரத்தில் கிடக்கட்டும். முதல் இரண்டு கிழமையும் இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருக்கும். மெஷினைக் குசினி தெரியாத பக்கம் திருப்பி வையுங்கள். சின்ன விஷயம், ஆனால் உதவும். போனைச் சத்தமில்லாமல் பண்ணி அடுத்த அறையில் வையுங்கள். முன்பள்ளி ரீச்சரின் இலக்கத்துக்கு மட்டும் தனி ரிங் போடலாம்.

திங்கட்கிழமை ஐந்து துணியையும் ஒன்றாக வெட்டுங்கள். மேசையை ஒருமுறை ஒதுக்கினால் போதும், கத்தரியும் சோக்கும் ஒருமுறை எடுத்தால் போதும். வெட்டியதும் ஒவ்வொரு சட்டையின் துணி, லைனிங், ஹூக், அளவுச் சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இலக்கம் ஒட்டுங்கள். செவ்வாய் முதல் வெள்ளி வரை நூல் நிறத்தின்படி தையுங்கள்: கறுப்பு, கடும் நீலம் ஒரு நாள், சிவப்பு வகை இன்னொரு நாள். மேல் நூலும் பொபினும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, இழுவை சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் ஐந்தாறு நிமிடம் போகும். பதினொன்றேகாலுக்கு எழும்பும்போது தையலை ஒரு மடிப்பு முடிந்த இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன தைக்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் துணியில் ஊசி குத்தி வையுங்கள். “இடது கை ஏற்ற வேண்டும்” என்ற இரண்டு மூன்று சொல் போதும். நாளைக் காலையில் யோசித்து நிற்க வேண்டியிராது.

கணவரின் வேலை நேரம் கிழமைக்குக் கிழமை மாறுகிறது என்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் ஓர் அட்டவணை போட்டாலும் அது ஏன் ஒரு கிழமைக்கு மேல் நிற்காது என்பது விளங்கும். உங்கள் வீட்டுக்கு ஓர் அட்டவணை போதாது, மூன்று வேண்டும். மூன்று தாளில் எழுதி, அந்தந்தக் கிழமைக்கு உரியதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். நேரத்தை எழுதியனுப்பவில்லை என்பதால், வழக்கமான ஆறு-இரண்டு, இரண்டு-பத்து, பத்து-ஆறு என்று வைத்துச் சொல்கிறேன்.

காலை ஷிஃப்ட் கிழமையில் அவர் பின்னேரம் வீட்டில் இருப்பார். அந்தக் கிழமையில் இரண்டு நாள், நாலரை முதல் ஆறு மணி வரை பிள்ளைகள் இருவரும் அவருடைய பொறுப்பு. வீட்டுக்குள் வைத்துப் பார்ப்பதைவிட வெளியே கூட்டிப்போவது நல்லது, ஏனென்றால் அம்மா மெஷினில் இருப்பது தெரிந்தால் மகன் உங்களிடம்தான் வருவான். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் சாறியின் கீழோரத்துக்கு ஃபோல் துணி பிடிப்பது, சட்டை பெருப்பிப்பது, சிறுப்பிப்பது போன்ற சில்லறை வேலைகளை முடியுங்கள். பின்னேர ஷிஃப்ட் கிழமையில் அவர் காலையில் வீட்டில் இருப்பார். முன்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதும் சந்தையும் மாமியின் கிளினிக்கும் அவரிடம் போகட்டும். அந்தக் கிழமையில் உங்களால் எட்டு மணிக்கே இருக்க முடியும். ஐந்து நாளில் இரண்டரை மணித்தியாலம் கூடக் கிடைக்கும். இரவு ஷிஃப்ட் கிழமைதான் இடறும். அவர் ஏழு மணிக்குப் படுத்தால் மத்தியானம் வரை தூங்க வேண்டும். மெஷின் சத்தம் சுவரையும் தாண்டிப் போகும். மெஷினை முன் விறாந்தைக்கு மாற்றி, கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு போடுங்கள். தரையில் அதிர்வு குறைந்தாலே பாதிச் சத்தம் போய்விடும். அந்தக் கிழமையில் நாலு சட்டைதான். வெட்டுவதையும் அயன் பிடிப்பதையும் அந்தக் கிழமைக்குக் கூடுதலாகத் தள்ளுங்கள்.

அவரிடம் பொறுப்பைக் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். “கொஞ்சம் உதவி செய்யுங்கோ” என்று சொன்னால், என்ன செய்வது, எப்போது செய்வது, முடிந்ததா என்று யோசிக்கிற வேலை உங்கள் தலையிலேயே நிற்கும். முழு வேலையாகக் கொடுங்கள். “மகளின்ர சப்பாத்து, தண்ணிப் போத்தல், புத்தகப் பை மூண்டும் இனி உங்கட பொறுப்பு” என்றால், சப்பாத்து தேய்ந்தால் புதிது வாங்குவது வரைக்கும் அவருடையது. அவர் உங்கள் மாதிரிச் செய்ய மாட்டார். சப்பாத்தை ஒரு நாள் பூசாமல் அனுப்புவார். அதைத் திரும்ப நீங்கள் எடுத்துப் பூசினால், அடுத்த கிழமை அந்த வேலை உங்களிடமே வந்துவிடும்.

சமையலில் நேரம் போவது அடுப்பில் அல்ல, அடுப்புக்கு முன்னால். மீனைக் கிழமையில் இரண்டு நாள் மட்டும் வாங்குங்கள். சந்தையிலேயே செதிள் எடுத்து வெட்டித் தருகிறவர்களிடம் கொடுத்தால், சிறு கூலிக்கு உங்கள் முக்கால் மணித்தியாலம் மிஞ்சும். வந்ததும் கழுவி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, ஒரு நேரக் கறிக்கு ஒரு பெட்டி என்று பிரித்து உறைய வையுங்கள். முழுவதையும் ஒரே கட்டியாக உறைய வைத்தால், கறிக்கு எடுக்க எல்லாவற்றையும் இளகவிட வேண்டி வரும்; திரும்ப உறைய வைத்த மீன் உதிரும், பழுதாகவும் கூடும். இரவே ஒரு பெட்டியைக் கீழ்த் தட்டுக்கு மாற்றினால் காலையில் பதமாக இருக்கும். திருகோணமலை வெக்கையில் மேசையில் வைத்து இளகவிடாதீர்கள்.

தேங்காய் இரண்டு மூன்றை ஒன்றாகத் துருவி, சின்னச் சின்னப் பைகளில் தட்டையாக உறைய வைக்கலாம். கறிக்கும் சொதிக்கும் அது போதும். சம்பலுக்கு மட்டும் அன்றன்றைக்குத் துருவுங்கள், உறைந்த பூவில் சம்பல் ருசிக்காது. பிட்டு மாவைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வறுத்து வையுங்கள். நன்றாக ஆறிய பிறகுதான் டின்னில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்து, கட்டியாகி மணக்கும். இடியப்பம் பிழிய முக்கால் மணித்தியாலம் போகும் என்பதால் அதைச் சனி, ஞாயிறுக்கு வையுங்கள், அல்லது வாங்குங்கள். உங்கள் பக்கத்தில் அவித்து விற்கிற பெண்கள் கட்டாயம் இருப்பார்கள். கடையில் வாங்கினால் மாமி என்ன நினைப்பா என்று யோசிக்காதீர்கள். உங்களைப் போலவே வீட்டில் இருந்து உழைக்கிற இன்னொரு பெண்ணுக்குத்தான் அந்தக் காசு போகிறது. மத்தியானக் கறியைக் காலைச் சமையலோடு ஏழு மணிக்குள் முடித்து, ரைஸ் குக்கரில் அரிசியும் தண்ணீரும் அளந்து வைத்துவிட்டால், மகனைக் கூட்டிவரப் போகும்போது ஆளியைப் போட்டால் போதும்.

மகளின் வெள்ளைச் சீருடைக்கு இந்தக் கணக்கைப் பாருங்கள். மூன்று சோடி இருந்தால் செவ்வாய் பின்னேரமும் வெள்ளி பின்னேரமும் தோய்த்தால் போதும். மாரியில், அதாவது ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை, துணி இரண்டு நாளாகியும் காயாது. அப்போதைக்கு நாலாவது சோடி ஒன்று வேண்டும். அது செலவல்ல, இரவு பத்து மணிக்கு அயனால் ஈரம் காய்ச்சுகிற வேலையை இல்லாமலாக்கும்.

பிள்ளைகளின் பின்னேரத்துக்கு வருவோம். மகன் முன்பள்ளியால் வந்ததும் முதல் இருபது நிமிடம் முழுவதும் அவனுடையது. சமையல், போன், துணி எதுவும் இல்லாமல் தரையில் இருந்து அவன் சொல்வதைக் கேளுங்கள், சாப்பாடு கொடுங்கள். காலை முழுவதும் அம்மாவைக் காணாத பிள்ளைக்கு அந்த இருபது நிமிடம் கிடைக்காவிட்டால், மூன்று மணித்தியாலம் சேலையைப் பிடித்து இழுத்து அதைத் துண்டு துண்டாக எடுத்துக்கொள்வான். கிடைத்துவிட்டால் பெரும்பாலும் தானாகவே விளையாடப் போவான். நாலு மணிக்கு மகள் வீட்டுப்பாடம் செய்ய உட்காரும்போது, நீங்களும் பக்கத்தில் இருந்து ஹூக் கட்டுங்கள். ஐந்து சட்டையின் கைத்தையல் மூன்று மணித்தியாலம். ஆறு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு அரை மணித்தியாலம். மகளுக்கு அம்மா பக்கத்தில், உங்களுக்கு வேலை கையில். மகனுக்குப் பழைய பொத்தான் பெட்டியைக் கொடுத்து நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்லலாம். நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் வாயில் போடுகிற பருவம் தாண்டியிருப்பார்கள், இருந்தாலும் கண் பார்வையில் இருக்கட்டும்.

மெஷின் இருக்கிற இடத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மோட்டர் பூட்டிய மெஷின் என்றால், எழும்பும் ஒவ்வொரு தடவையும் சுவர் ஆளியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கால் பெடலைத் தூக்கி மேசைமேல் வையுங்கள். பிள்ளை ஒரு கையால் துணியை நகர்த்திக்கொண்டு காலால் பெடலை அழுத்தினால் ஊசி விரலுக்குள் இறங்கிவிடும். குண்டூசியை வாயில் கவ்வுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிட்டு, ஒரு காந்தத் தட்டில் போடுங்கள். கீழே விழுந்ததையும் அதாலேயே பொறுக்கலாம். அயனை நிறுத்திய பிறகும் அரை மணித்தியாலத்துக்கு மேல் சூடு இருக்கும். அதன் வயர் தொங்கக்கூடாது.

மாமியிடம் மகனை ஓடிப் பிடிக்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். முழங்கால் தாங்காது, வீட்டில் சண்டையும் வரும். இருந்துகொண்டு செய்கிற வேலை அவவுக்குப் பிடிக்கும்: கீரை ஆய்வது, வெங்காயம் உரிப்பது, உடுப்பு மடிப்பது, பேரனுக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பது. பின்னேரத் தேத்தண்ணியை முழுவதும் அவவின் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். கிளினிக் நாள் ஒரு காலை முழுவதையும் எடுக்கும். அதை மாத ஆரம்பத்திலேயே நாட்காட்டியில் குறித்து, அந்தக் கிழமை நாலு சட்டை என்று எழுதிவிடுங்கள்.

அடுத்த வருடம் மகள் தரம் 5. புலமைப்பரிசில் பரீட்சையை வைத்து, மூன்று ரியூசனுக்கு அனுப்பச் சொல்லி நாலு பக்கமும் சொல்வார்கள். ஒரு ரியூசனுக்குக் கொண்டுபோய் விட்டுத் திரும்ப, பிறகு போய்க் கூட்டிவர என்று உங்களுக்கு ஒரு மணித்தியாலம் போகும். மூன்று ரியூசன், கிழமைக்கு இரண்டு நாள் என்றால் ஆறு மணித்தியாலம். இரண்டு சட்டைக்கு மேலான நேரம். என் கருத்து, பிள்ளை பின்தங்கியிருக்கிற ஒரு பாடத்துக்கு ஒரு வகுப்பு போதும். அதற்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் அம்மாவோடு முறை வைத்து, ஒரு நாள் நீங்கள், ஒரு நாள் அவர் என்று கூட்டிப்போங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பின்னேரத்தில் விளையாட ஒரு மணித்தியாலம் வேண்டும். அதை எடுத்துவிட்டால் வீட்டுக்குள்தான் அந்த ஆட்டம் நடக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட அரை மணித்தியாலம். எல்லா வேலையும் முடிந்த பிறகு உங்களுக்கு நேரம் என்று வைத்திருந்தால் அது ஒருநாளும் வராது, ஏனென்றால் வீட்டில் எல்லா வேலையும் முடிவதென்பதே இல்லை. அட்டவணைத் தாளில் முதலாவதாக அதைத்தான் எழுத வேண்டும். இரண்டே முக்கால் முதல் மூன்றேகால் வரை என்று வையுங்கள். மகள் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டிருப்பாள், மகன் தூங்கியிருப்பான், மாமி சாய்ந்திருப்பா. வெக்கை உச்சத்தில் இருக்கிற நேரம், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மெஷினில் இருந்தாலும் வேர்வை துணியில் விழும். கதவைச் சாத்திவிட்டுப் படுங்கள், புத்தகம் படியுங்கள், சும்மா இருங்கள். மகன் தூங்காத நாளில் அறைக்குள் சத்தமில்லாமல் விளையாடப் பழக்கலாம். முதலில் பத்து நிமிடம், பிறகு பதினைந்து என்று கூட்டிக்கொண்டு போனால் ஒரு மாதத்தில் பழகிவிடுவான்.

வெள்ளிக்கிழமைக் கோயிலையும் அதே தாளில் எழுதுங்கள். பத்திரகாளி அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய் வாருங்கள். மகனையும் கூட்டிக்கொண்டு, வரும் வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வந்தால் அது உங்கள் நேரம் அல்ல, இன்னொரு வேலை. கணவருக்குப் பின்னேர ஷிஃப்ட் வருகிற கிழமையில், வெள்ளிக்குப் பதிலாக வேறொரு காலையில் டச்சுக்குடாக் கரையில் நடந்துவிட்டு வரலாம். இடமும் நாளும் மாறலாம், உங்களுக்கென்று ஒதுக்கிய நேரம் குறையக்கூடாது. காலை ஐந்து மணிக்கு எழும்புகிறவருக்கு இரவு பத்தேகாலுக்கு விளக்கு அணைய வேண்டும். அதற்கு மேல் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்குத் தைக்கிற சட்டையில்தான் பிரித்துத் தைக்க வேண்டிய பிழை வருகிறது. அதைப் பிரிக்க அடுத்த நாள் காலையில் முக்கால் மணித்தியாலம் போகிறது. இரவில் சம்பாதித்த நேரத்தைக் காலையில் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

மகனுக்கு அடித்ததைப் பற்றி. அவனிடம் போய், “அம்மா அடிச்சது பிழை, இனி அடிக்க மாட்டன்” என்று சொல்லுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும். பிறகு, எந்த நேரத்தில் கோபம் வருகிறது என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில்தான்: பிள்ளைக்குப் பசி, உங்களுக்கு நித்திரைக் குறை, அடுப்பில் இராச்சாப்பாடு. இராச்சாப்பாட்டை ஆறே முக்காலுக்குக் கொண்டுவாருங்கள். குளிப்பாட்டுவதை ஐந்தரைக்கு முன்னால் முடியுங்கள். கை ஓங்க வருகிறது என்று தெரிந்தால், பிள்ளையை மாமிக்குப் பக்கத்தில் இருத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவி வாருங்கள். தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், காரணமில்லாமல் அழுகை வந்து, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் இரண்டு கிழமைக்கு மேல் போனால், அது அட்டவணையால் தீருகிற விஷயம் அல்ல. வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துப் பேசலாம். அடுத்த வருடம் உங்களுக்கு 35 வயதாகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பெண்களுக்கு நடத்துகிற சுகவனிதையர் கிளினிக்குக்கு அந்த வயதில் போக வேண்டும். அதையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

ஐந்து சட்டையானால் வருமானம் பாதியாகுமே என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு சட்டைக்கு வாங்குகிற கூலியில் லைனிங், நூல், ஹூக் செலவைக் கழித்து, மிச்சத்தை 2.8ஆல் (ஒரு சட்டைக்குப் போகிற 2 மணித்தியாலம் 50 நிமிடம்) பிரியுங்கள்; அதுதான் சட்டையில் உங்கள் ஒரு மணித்தியாலத்தின் பெறுமதி. ஒரு சாறிக்கு ஃபோல் பிடிக்க அரை மணித்தியாலம் போகிறது என்றால், அந்தக் கூலியில் ஃபோல் துணியின் விலையைக் கழித்து இரண்டால் பெருக்குங்கள். சில்லறை வேலையில் மணித்தியாலத்துக்குக் கூடுதலாக நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். அப்படியென்றால் சட்டையின் கூலியைக் கூட்ட வேண்டும், அல்லது ஃபோலையும் பள்ளிச் சீருடையையும் கூடுதலாக எடுக்க வேண்டும். ஒரே பள்ளியின் ஒரே மாதிரிச் சீருடையை நாலைந்தாக வெட்டித் தைத்தால் சட்டையைவிட விரைவாகப் போகும். மூன்று நாளுக்குள் வேண்டும் என்கிறவர்களிடம் ஒன்றரை மடங்கு கூலி கேளுங்கள். பாதிப் பேர் அடுத்த கிழமைக்கு ஒத்துக்கொள்வார்கள்.

ஓடர் புத்தகத்தில் கிழமைக்கு ஐந்து வெற்றுக் கோடுகள் போட்டு வையுங்கள். ஆறாவது ஆளுக்கு அடுத்த கிழமையின் முதல் கோடு. எல்லோருக்கும் “வெள்ளிக்கிழமை தாறன்” என்று சொல்வதால்தான் வியாழன் இரவு விடிகிறது. இரண்டு சட்டையைப் புதனுக்கும் மூன்றைச் சனிக்கும் சொல்லுங்கள். துணி தரவும் எடுக்கவும் பின்னேரம் நாலரை முதல் ஐந்தரை வரையும் சனி காலையும் மட்டும் வரச் சொல்லி, கதவில் எழுதி ஒட்டுங்கள். தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் ஆறு கிழமைக்கு முன்னால், கிழமைக்கு நாலு வீதம் 24 கோடு போடுங்கள். அது நிரம்பியதும் புத்தகத்தை மூடுங்கள். தீபாவளிக் காலத்தில் மழையும் தொடங்கியிருக்கும், காய்ச்சலும் வரும், முன்பள்ளியும் சில நாள் இருக்காது. அதனால்தான் ஐந்து அல்ல, நாலு.

இப்போது கையில் கிடக்கிற துணிகளை என்ன செய்வது? புதிய முறை தொடங்குவதற்கு முன்னால் அவற்றை ஒதுக்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, கொடுக்க வேண்டிய நாளின்படி அடுக்குங்கள். முதல் ஐந்து இந்தக் கிழமைக்கு. அடுத்த ஐந்து பேருக்கு இன்றைக்கே அறிவியுங்கள். அதற்கும் மேலே இருந்தால், வெட்டாத துணிகளைத் திருப்பிக் கொடுங்கள், அல்லது நம்பிக்கையான இன்னொரு தையல்காரியிடம் மாற்றுங்கள். இந்த மாதம் மட்டும் ஹூக் கட்டவும் மடிக்கவும் அயலில் கைத்தையல் தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சட்டைக் கணக்கில் கூலி பேசிக் கொடுக்கலாம். வாடிக்கையாளர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்ப இவ்வளவும் போதும்: “அக்கா, உங்கட சட்டை இந்தக் கிழமை முடியாது. அடுத்த புதன் பின்னேரம் நாலரைக்கு ரெடியாக இருக்கும். அவசரம் எண்டால் துணியைத் திருப்பித் தாறன்.”